மருமகளின் பிரசவமும் மெடிக்கல் கார்டும்: வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பாடம்

இந்தப் பாடம் பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. அவளுடைய மாமியாருக்கும், அம்மாவுக்கும், வீட்டுக் காகிதங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தாத்தாவுக்கும் எழுதப்பட்டது. மருத்துவர் சொல்வதை மகள் கேட்டுக்கொள்வாள். ஆனால் பணம் எங்கிருந்து வரும், எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற பேச்சு பெரும்பாலும் பெரியவர்களிடம்தான் முடிகிறது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பழையவர்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லும் அந்தத் தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மருமகளுக்கு ஏழாவது மாதம். மாமியார் பணத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவள், “கவலைப்படாதீங்க மாமி, கார்டு இருக்கு” என்றாள். மாதம் தவறாமல் பிரீமியம் கட்டிய கார்டு அது. எட்டாவது மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவு செய்யப் போனார்கள். முகப்பில் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது பிரசவத்துக்குச் செல்லாதே. முன்பணம் கட்ட முடியுமா?” என்று கேட்டார்.

கார்டு போலியல்ல, முகவர் ஏமாற்றவும் இல்லை. அந்தப் பத்திரத்தின் பின்பக்கங்களை வீட்டில் யாரும் படிக்கவில்லை. இந்தக் குடும்பம் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னதுதான். ஆனால் இதே கதை நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

கார்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

மலேசியாவில் விற்கப்படும் சாதாரண மெடிக்கல் கார்டுகளும், தக்காஃபுல் மருத்துவ அட்டைகளும், கருத்தரிப்பு, பிரசவம், கருச்சிதைவு, குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை, கருத்தடை ஆகியவற்றை விலக்கியே வைத்திருக்கின்றன. சிசேரியன் அறுவைச் சிகிச்சையும் பெரும்பாலான கார்டுகளில் இந்த விலக்கில் அடங்கும். “ஆபரேஷன் என்றால் கார்டு கட்டும்” என்று நம் ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த அறுவை எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் காப்புறுதி நிறுவனம் பார்க்கும்.

அதற்காகக் கர்ப்பக் காலத்தில் கார்டு வீண் என்று நினைக்க வேண்டாம். கருவுற்ற பெண்ணுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தாலோ, குடல்வால் வீங்கினாலோ, மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தாலோ, அவை கர்ப்பத்தால் வந்தவை அல்ல. கார்டின் மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவற்றுக்குப் பணம் கோரலாம். சிக்கல் வருவது நடுவில் நிற்கும் நோய்களில்தான். சிறுநீர்க் கிருமித்தொற்று, இரத்தச்சோகை, விடாத வாந்தி போன்றவற்றைக் ‘கர்ப்பத்தால் வந்தது’ என்று நிறுவனம் சொல்லக்கூடும். அப்போது மருத்துவர் படிவத்தில் எழுதும் காரணமே தீர்மானிக்கும். ஆகவே, படிவத்தை அனுப்புமுன், “இது கர்ப்பத்தால் வந்ததா, தனியாக வந்ததா?” என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் கருதுவதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாததை எழுதச் சொல்லி வற்புறுத்துவது வேறு. அதைச் செய்யாதீர்கள்.

பத்திரத்தை எடுங்கள், மூக்குக் கண்ணாடியையும் எடுங்கள்

கார்டு என்பது அந்தப் பிளாஸ்டிக் துண்டு மட்டும் அல்ல. அதோடு வந்த தடித்த புத்தகம்தான் ஒப்பந்தம். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து மூன்று இடங்களைத் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது, ‘பெங்கெசுவாலியான்’ என்ற தலைப்பு. விலக்குகள் என்று பொருள். எதற்குப் பணம் கிடைக்காது என்ற பட்டியல் அங்கே இருக்கும். அதில் ‘ஹாமில்’, ‘பெர்சாலின்’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது, ‘தெம்போ மெனுங்கு’, அதாவது காத்திருப்புக் காலம். கார்டு எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்குப் பொதுவாகப் பணம் வராது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கட்டிகள், கருப்பை நோய்கள் போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்கு இந்தக் காலம் 120 நாள். மூன்றாவது, கார்டு எடுக்கும் முன்பே இருந்த நோய்களைப் பற்றிய பகுதி.

இந்தப் பாடத்தை மொழிபெயர்க்கும்போது எனக்கே தடுமாற்றம் தந்த சொற்கள் இவை. பல ஆண்டுகள் மொழி படித்த எனக்கே இரண்டு முறை படித்தால்தான் விளங்குகிறது என்றால், எழுபது வயதில் உங்களுக்கு விளங்கவில்லை என்று வெட்கப்பட ஒன்றுமே இல்லை. முகவரைக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: “காட் இனி லிண்டுங் பெர்சாலின் தாக்?” இந்தக் கார்டு பிரசவத்தைக் காக்குமா என்பதே கேள்வி. அவர் ‘ஆம்’ என்றால், “எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டு தம்பி” என்று கேளுங்கள். வாயால் சொன்னது மருத்துவமனை முகப்பில் நிற்காது.

புதிய பத்திரம் கைக்கு வந்த 15 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பேறுகாலத்துக்கென்று விற்கும் கூடுதல் திட்டம்

சில நிறுவனங்கள் கருவுற்ற பெண்களுக்கென்று தனித் திட்டமோ, இருக்கும் பத்திரத்தோடு சேர்க்கும் கூடுதல் பிரிவோ விற்கின்றன. வாங்குமுன் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் பிரசவச் செலவைக் கட்டுவதில்லை. பிரசவத்தில் வலிப்பு, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிதல் போன்ற பத்திரத்தில் பெயர் சொல்லப்பட்ட கடும் சிக்கல்கள் வந்தாலோ, குழந்தை பிறவிக் குறைபாட்டோடு பிறந்தாலோ, ஒரு தொகை தருகின்றன. பல திட்டங்களில் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடிந்த பிறகே சேர முடியும், கடைசி வாரங்களில் சேர முடியாது. ஒன்பதாம் மாதம் முகவரைத் தேடுவதில் பயனில்லை.

கண்ணேறுக்குப் பயந்து மறைப்பது

மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பக்கத்து வீட்டாரிடம் சொல்லாமல் இருங்கள், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் மறைக்கவே கூடாது.

ஒன்று, கிளினிக். 12 வாரத்துக்குள் முதல் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே சுகாதார அமைச்சின் அறிவுரை. மற்றொன்று, காப்புறுதிப் படிவம். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு வாங்குபவர் கவனத்தோடு உண்மையான பதில் தர வேண்டும். ‘கருவுற்றிருக்கிறீர்களா? முன்பு கருச்சிதைவு ஏற்பட்டதா? சர்க்கரை உண்டா?’ என்று கேட்டிருக்கும்போது ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், பிறகு தேவைப்படும் நாளில் பணம் மறுக்கப்படலாம், பத்திரமே ரத்தாகவும் கூடும். முகவர் தானே கட்டங்களை நிரப்பிவிட்டு, “இங்கே கையெழுத்து போடுங்க அக்கா” என்று சொன்னால் நிறுத்துங்கள். கையெழுத்து உங்கள் மகளுடையது. பதிலுக்கும் அவளே பொறுப்பு.

கர்ப்பக் காலச் சர்க்கரையும் இதில் சேரும். இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடலாம். ஆனால் பிறகு புதிய கார்டு எடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டிவரும். அதனால்தான், பிரீமியம் கூடிவிட்டது என்று கர்ப்பத்தின் நடுவில் பழைய கார்டை நிறுத்துவது நல்லதல்ல. கட்ட முடியாமல் போனால் நிறுவனத்திடம் குறைந்த திட்டம் கேளுங்கள். செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் கூட்டுச் செலவுத் திட்டங்கள் 2024 செப்டம்பர் முதல் கிடைக்கின்றன, அவற்றின் பிரீமியம் குறைவு. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த இடைக்கால ஏற்பாட்டின்படி, பிரீமியம் உயர்வை நிறுவனங்கள் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தே விதிக்க வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறைந்தபட்சத் திட்டத்தில் இருந்தால், அவர்களுக்கு ஓராண்டு உயர்வு நிறுத்திவைக்கப்படும் என்றும் அதில் இருந்தது. இது உங்கள் சொந்தக் கார்டுக்கும் பொருந்தும் செய்தி.

வேலை இடத்துக் கார்டு

வேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி கொடுத்த குழுக் காப்புறுதி இருக்கலாம். சில நிறுவனங்கள் பிரசவத்துக்கென்று ஒரு தொகை தருகின்றன, பல தருவதில்லை. மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்பது நல்லது. வேலையை விட்ட நாளோடு அந்தக் கார்டும் பொதுவாக முடிந்துவிடும். “வயிறு பெரிசாயிடுச்சு, வேலையை விட்டுடும்மா” என்று அன்பாகச் சொல்லுமுன் இதை யோசியுங்கள்.

சட்டமும் அவள் பக்கம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் பேறுகால விடுப்பு 98 நாள், அதற்கு முன் அது 60 நாளாக இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருந்து, கடைசி நான்கு மாதங்களில் எப்போதாவது வேலையில் இருந்திருந்தால், விடுப்புக் காலத்துக்குச் சம்பளமும் உண்டு. உயிருடன் இருக்கும் பிள்ளைகள் ஐந்து வரை இது பொருந்தும். கணவனுக்கு 7 நாள் விடுப்பு. பேறுகால விடுப்புப் பணம் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டாது, ஆனால் வீட்டு வாடகையைக் கட்டும்.

அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஓய்வூதிய அட்டையின் மருத்துவச் சலுகை, திருமணமாகிப் போன மகளின் பிரசவத்துக்குச் செல்லாது.

கார்டே இல்லாவிட்டாலும் உள்ள வழி

பெரியவர்கள் சிலர் அரசாங்க மருத்துவமனை என்றதும் முகம் சுளிக்கிறார்கள். “நம்ம பிள்ளையை அங்கேயா அனுப்புறது?” என்று கேட்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் அங்கேயே பிறந்தீர்கள், அங்கேயே பிள்ளை பெற்றீர்கள் என்று சற்று நினைத்துப் பாருங்கள்.

மலேசியக் குடிமகளுக்கு அரசாங்கத் தாய் சேய் நலக் கிளினிக்கில் கர்ப்பக் காலப் பரிசோதனை இலவசம். இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமில மாத்திரை, டெட்டனஸ் தடுப்பூசி எல்லாம் அங்கேயே கிடைக்கும். முதல் நாளில் ஒரு புத்தகம் தருவார்கள். அதன் நிறத்தால் எல்லோரும் ‘புக்கு பிங்க்’ என்கிறார்கள். காப்புறுதிக் கார்டைவிட அந்தப் புத்தகம் மதிப்புள்ளது என்பது என் கருத்து. அதன் மேல் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற வில்லை ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் விரைவில் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. புத்தகத்தைத் திறந்து படிக்கத் தெரியாத பாட்டிகூட வெளியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்து நிலைமையை அறியலாம்.

தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களும் கிளினிக்கில் பதிவு செய்துகொள்ளலாம். இது மிகவும் பயன்படும் யோசனை. பணம் தீர்ந்தோ, சிக்கல் வந்தோ, கடைசி நேரத்தில் அரசாங்க மருத்துவமனைக்கு மாற வேண்டியிருந்தால், அவளுடைய வரலாறு முழுவதும் அந்தப் புத்தகத்தில் தயாராக இருக்கும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் தலைப்பிரசவத்துக்குப் பினாங்கில் தாய்வீடு வரும்போதும் அந்தப் புத்தகத்தோடு வரட்டும். வந்ததும் இங்குள்ள கிளினிக்கில் காட்டுங்கள். கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம்.

ஜார்ஜ்டவுனில் நமக்குப் பெரிய அரசாங்க மருத்துவமனை ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்கு மருத்துவமனை. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். பிரசவக் கட்டணம் சேர்த்தாலும், பில் பெரும்பாலும் தனியார் மருத்துவமனை கேட்கும் முன்பணத்துக்குக் கீழேதான் நிற்கும். அதையும் கட்ட முடியாதவர்கள், அரசாங்க மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம். வார்டில் உள்ள தாதியிடம், “ஜபாத்தான் கெர்ஜா சோசியல்” என்று சொன்னால் போதும், வழிகாட்டுவார். வீடு திரும்பும் நாள்வரை காத்திருக்காமல் சேர்ந்த நாளிலேயே சொல்லுங்கள்.

மருமகள் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவள் என்றால் கணக்கு மாறும். வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு அதிகம், முன்பணமும் உண்டு. திருமணச் சான்றிதழ், மகனின் அடையாள அட்டை, அவளுடைய கடப்பிதழ், விசா ஆகியவற்றோடு நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே மருத்துவமனையின் கட்டணப் பிரிவுக்குப் போய்த் தொகையை எழுதி வாங்குங்கள். சிவப்பு அடையாள அட்டை உள்ளவர்களும் அப்படியே முன்கூட்டிக் கேட்பது நல்லது. பணத்தைச் சேர்க்க மாதங்கள் கிடைக்கும்.

கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தனியார் மருத்துவமனை, காப்புறுதி நிறுவனத்திடம் உத்தரவாதக் கடிதம் கேட்டு அனுப்பும். அது வர மணிக்கணக்கில் ஆகலாம். வராமலும் போகலாம். கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் அந்தக் கடிதத்துக்காக ஒரு நிமிடமும் உட்காராதீர்கள்.

இரத்தப்போக்கு. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல்: இவை இரத்த அழுத்தம் எல்லை மீறுவதைக் காட்டலாம், வலிப்பில் முடியலாம். பனிக்குடம் உடைந்து நீர் போதல். காய்ச்சல். குழந்தையின் அசைவு குறைதல்.

அசைவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் குழந்தை குறைந்தது 10 முறை அசைய வேண்டும். பிங்க் புத்தகத்தில் இதைக் குறிக்க அட்டவணை இருக்கிறது. 10 வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனை. வழக்கத்தைவிட மிகவும் குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால் இரவு 9 மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம். “குழந்தை தூங்குது, காலையில பார்த்துக்கலாம்” என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் சில வீடுகளில் குழந்தையின் உயிரையே பறித்திருக்கிறது.

பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999 அழையுங்கள். பணப் பேச்சு பிறகு. திருவிழாவோ தேர் ஊர்வலமோ நடக்கும் நாட்களில் நம் தெருக்களில் வாகனம் நுழைவது சிரமம். அந்த வாரங்களில் நிறைமாதப் பெண் வீட்டில் இருந்தால், எந்த மூலையில் கார் நிற்கும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நகையும் கூட்டுப் பணமும்

முன்பணம் கேட்டதும் முதலில் கழலுவது பாட்டியின் வளையல்தான். அடகுக் கடையில் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, மீட்க ஆறு மாதம் தவணை. உரிமம் உள்ள கடையா என்று பார்த்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அதற்கு முன், 55 வயதுக்குட்பட்ட மகனோ மருமகளோ ஊழியர் சேமநிதியில் உறுப்பினராக இருந்தால், 2024 மே 11 முதல் உள்ள மூன்றாவது கணக்கான ‘அக்காவுன் ஃப்லெக்சிபெல்’லில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். குறைந்தது 50 ரிங்கிட் எடுக்க முடியும்.

கூட்டு பிடிப்பது நமக்கு நெடுநாள் பழக்கம். சொல்லே நம்முடையது, மலாய்க்காரர்கள் ‘குத்து’ என்கிறார்கள். ஆயினும் அதை நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பிடித்தவர் பணத்தோடு மறைந்தால் புகார் செய்யவும் தயங்க வேண்டிவரும். பிரசவப் பணத்தை அதில் போட வேண்டாம்.

பணம் மறுக்கப்பட்டால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பிறகு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். முகவரிடம் சொன்னது புகார் ஆகாது. மருத்துவர் அறிக்கையின் நகலையும் இணையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிறுவனத்தின் இறுதிப் பதிலிலும் நியாயம் இல்லை என்று தோன்றினால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்று சொல்வார்கள். முன்பு இருந்த நிதிச் சேவைகள் ஒம்புட்ஸ்மன் அலுவலகமே 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 250,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் ஆறு மாதம் பறந்துவிடும், நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணை அழைக்கலாம்.

‘பிரசவம் விலக்கு’ என்று பத்திரத்திலேயே தெளிவாக இருந்தால் புகார் வெல்வது அரிது. ஆனால் டிங்கிக்குச் சேர்ந்த பெண்ணை ‘கர்ப்பிணி’ என்று சொல்லியே மறுத்திருந்தால் விடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குக் கார்டு இல்லை

இது பலரும் அறியாதது. தாயின் கார்டு குழந்தைக்குத் தானாகப் போய்ச் சேராது. குழந்தைக்குப் புதிதாக எடுக்க வேண்டும், பல திட்டங்களில் பிறந்து இரண்டு வாரமாவது ஆன பிறகே எடுக்க முடியும். அந்த முதல் நாட்களில்தான் மஞ்சள் காமாலை வருகிறது, மூச்சுத் திணறல் வருகிறது. தனியார் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையின் தீவிரப் பராமரிப்புச் செலவு, பிரசவச் செலவைப் பல மடங்கு தாண்டிவிடும். எனவே தனியாரில் பதிவு செய்யும் நாளிலேயே, “குழந்தைக்கு ஏதாவது என்றால் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள்.

வீடு வந்த பிறகு கிளினிக் தாதி வந்து தாயையும் குழந்தையையும் பார்ப்பார். பத்தியக் காலம், யாரும் வரக் கூடாது என்று கதவை மூடாதீர்கள், அவரை மட்டும் உள்ளே விடுங்கள். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தால், வெயிலில் காட்டினால் போதும் என்று விட்டுவிடாமல், அன்றே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். பிறப்பை 60 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். குழந்தைக்குக் காப்புறுதி கேட்கும்போது பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருக்கும். அதைப் பிங்க் புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டு, இரும்புப் பெட்டியின் அடியில் அல்ல, மேல்தட்டில் வையுங்கள்.